அப்பாவுக்குக் காது, அம்மாவுக்குக் கண்: ஒரே டிவியை எப்படிப் பார்ப்பது?

வலங்கைமான்காரன்:
அப்பாவுக்கு 79 வயது, காது மந்தம். அம்மாவுக்கு 74. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. ஓரமெல்லாம் தெரியும், நேராகப் பார்க்கிற இடம் மட்டும் புகை மூட்டம். டிவியில் புடவை நிறம் தெரியும், கட்டியிருப்பவர் முகம் தெரியாது. சீரியல் ஆட்களைக் குரலை வைத்துத்தான் பிடிக்கிறார்.

அப்பாவுக்கு ராத்திரி செய்தியில் மேட்டூர் அணை நீர்மட்டம் தெரிந்தாக வேண்டும். பாசனத்துக்கு அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் கேட்கவே வேண்டாம், முழு மட்டமான 120 அடிக்கு இன்னும் எத்தனை குறைச்சல் என்று தினமும் கணக்கு. சத்தத்தை 70-ல் வைப்பார். தெருமுனை பால்காரருக்கும் சேர்த்துச் செய்தி. அந்த இரைச்சலில் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடுகிறது.

போன மாதம் ஒரு கடையில் புளூடூத் ஹெட்போன் வாங்கினேன். 'எந்த டிவிக்கும் ஓடும்' என்றார்கள். ஓடியது. ஆனால் இணைத்ததும் டிவி ஊமையாகிவிட்டது. "அப்ப நான் என்ன சுவத்தையா பாக்குறது?" என்றார் அம்மா. அப்பாவும் ஒரே நாளில் கழற்றிவிட்டார். வாய் அசைந்து முடித்த பிறகுதான் பேச்சு வருகிறதாம். இரண்டு பேருக்கும் சேர்த்து வழி உண்டா?

மன்னை டிஷ்காரன்:
அண்ணே, டிவியை விடுங்க, செட்டாப் பாக்ஸ் பின்னாடி பாருங்க. ஹெச்டிஎம்ஐ வயர் டிவிக்குப் போகும். பக்கத்துல சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஓட்டை சும்மா கிடக்கும் (சின்ன பாக்ஸா இருந்தா ஒரே ஓட்டை, அதுக்குத் தனி வயர் கிடைக்கும்). பெரும்பாலான பாக்ஸ்ல ரெண்டு வழியிலயும் ஒரே நேரத்துல சத்தம் வரும். ரேடியோ அலையில ஓடுற டிவி ஹெட்போன் வாங்கி, அதோட ஸ்டாண்டை (சத்தத்தை ஹெட்போனுக்கு அனுப்புறது அதுதான்) சிவப்பு வெள்ளையில சொருகுங்க. டிவி ஊமையாகாது, பேச்சும் பின்தங்காது.

ஒரு சூட்சுமம் இருக்கு. பாக்ஸ் சத்தத்தை முழுசா ஏத்தி வெச்சிட்டு அந்த ரிமோட்ல சத்தத்தைத் தொடாதீங்க. அம்மாவுக்கு டிவி ரிமோட், அப்பாவுக்கு ஹெட்போன்ல இருக்கிற திருகு. ஆனா டிவிக்குள்ள இருக்கிற ஆப்ல படம் போட்டா இது உதவாது, அந்தச் சத்தம் பாக்ஸ் வழியா வராது.

தஞ்சாவூர் ஆடியாலஜிஸ்ட்:
மேலே சொன்னது நல்ல வழி. முதலில் அப்பாவின் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று காட்டிவிடுங்கள், பலருக்கு அதை யாரும் பார்த்தே இருக்க மாட்டார்கள். வயதால் வரும் செவித்திறன் குறைவில் மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும். ச, த போன்ற மெய்கள் தேய்ந்து 'கேக்குது, ஆனா புரியல' என்பார்கள். அதற்குச் சத்தத்தை ஏற்றினால் பின்னணி இசையும் கூடவே ஏறும். டிவி ஒலி அமைப்பில் 'நியூஸ்' அல்லது 'கிளியர் வாய்ஸ்' இருந்தால் அதைப் போடுங்கள், பேஸை (கனத்த அடித்தொனியை)க் குறையுங்கள்.

நீடாமங்கலம் மருமகள்:
என் மாமியாருக்கும் உங்கள் அம்மாவுக்கு இருக்கிற அதே கண் கோளாறு. எட்டடியில் கிடந்த நாற்காலியை நாலடிக்கு இழுத்துப் போட்டோம், படம் இரண்டு மடங்காகத் தெரியும். கிட்ட உட்கார்ந்தால் கண் கெடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அப்புறம், டிவியை நேராகப் பார்க்கவிடாமல் பக்கத்தில் தொங்கும் காலண்டரைப் பார்க்கச் சொன்னோம். அப்போது முகம் ஓரக்கண்ணில் விழுகிறது. அவருக்கு வலது பக்கம் ஒத்துவந்தது, உங்கள் அம்மாவுக்கு எந்தப் பக்கம் என்று தேடிப் பார்க்க வேண்டும். ரிமோட்டில் 5-ஆம் பொத்தானைத் தடவிப் பாருங்கள், பலவற்றில் சின்னப் புள்ளி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எண்கள் தானே வரும்.

வலங்கைமான்காரன்:
பத்து நாளாயிற்று. சிவப்பு வெள்ளை வேலை செய்தது, டிஷ்கார அண்ணனுக்கு நன்றி. டிவி இப்போது 18-ல் ஓடுகிறது. அம்மாவுக்கு இடது பக்கம், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். காது அழுக்கு எடுக்க அடுத்த வாரம் போகிறோம்.

ஒரே தொல்லை. ஹெட்போன் மாட்டினால் அப்பாவுக்குத் தன் குரல் தெரிவதில்லை. செய்தியில் கீழே ஓடும் வரியைப் படித்துவிட்டு, "ரெண்டடி ஏறியிருக்குடி!" என்று அம்மாவிடம் கத்துகிறார். பால்காரருக்கு இன்னும் மேட்டூர் நிலவரம் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது.