எஸ்க்யூஎல் சர்வர் பேக்கப் 3 வாரமா ஆகல, இப்போ 824 எரர் வேற வருது, அவசரம்

மருந்துகிடங்கு:
வணக்கம் எல்லாருக்கும். ஒரு மருந்து ஹோல்சேல் கடைல சிஸ்டம் பாத்துக்கிறேன். எஸ்க்யூஎல் சர்வர் 2019 ஸ்டாண்டர்ட், டேட்டாபேஸ் 80 ஜிபி, ஃபுல் ரெக்கவரி மாடல் (நடக்கற ஒவ்வொரு மாத்தமும் லாக் பேக்கப் எடுக்கற வரை லாக் ஃபைல்லயே நிக்கும்). போன மாசம் புது நாஸ் பாக்ஸ் (நெட்வொர்க்ல மாட்டற ஸ்டோரேஜ்) வாங்கி பேக்கப் ஜாப் எல்லாத்தையும் அந்த ஷேருக்கு மாத்தினோம், அன்னிலேருந்து ஃபுல் பேக்கப்பும் ஆகல லாக் பேக்கப்பும் ஆகலன்னு இன்னைக்குத்தான் தெரியுது. ஹிஸ்டரி பூரா 3201, ஆபரேட்டிங் சிஸ்டம் எரர் 5, ஆக்சஸ் டினைடு. ஆனா என் லாகின்ல அந்த ஷேரைத் திறந்தா ஃபைல் போடவும் முடியுது அழிக்கவும் முடியுது, அதான் புரியல.

ஞாயித்துக்கிழமை கரண்ட் போயி யூபிஎஸ்ஸும் தாங்காம சர்வர் பட்டுனு ஆஃப் ஆயிடுச்சு. திங்கள்லேருந்து பில் எல்லாம் ஒழுங்கா விழுது, பேட்ச் வாரியா விற்பனை ரிப்போர்ட் எடுத்தா மட்டும் 824, அதாவது டிஸ்க்லேருந்து படிச்ச ஒரு பேஜ் (8 கேபி டேட்டா துண்டு) கெட்டிருக்கு, செக்சம் தப்புன்னு நின்னுடுது. கையில இருக்கிற கடைசி ஃபுல் பேக்கப் 23 நாள் பழசு. லாக் ஃபைல் வேற 60 ஜிபிக்கு வீங்கி டிரைவ்ல 4 ஜிபிதான் மிச்சம். சிம்பிள் மாடலுக்கு (லாக் பேக்கப் இல்லாமலே பழைய லாக் விடுபடும்) மாத்தி லாக் ஃபைலை ஷ்ரிங்க் பண்ணி இடம் எடுத்துக்கிட்டு அப்புறம் ரிப்பேர் ஓட்டலாம்னு இருக்கேன், சரியா?

நைட்ஷிப்ட்:
எங்களுக்கும் இப்படி வந்துச்சு. சிங்கிள் யூசர்ல போட்டு டிபிசிசி செக்டிபி (டேட்டாபேஸைச் சரிபாக்கிற கமாண்ட்) ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ் ஓட்டுங்க, அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்.

பழையடிபிஏ:
தம்பி எதையும் தொடாதீங்க. சிம்பிளுக்கு மாத்தாதீங்க, ஷ்ரிங்க் வேண்டாம், டிடாச் (டேட்டாபேஸை சர்வர்லேருந்து கழட்டறது) கண்டிப்பா வேண்டாம். இடத்தை அடைக்குதுன்னு நீங்க வெட்ட நினைக்கிற அந்த 60 ஜிபி லாக்லதான் உங்க 3 வார பில்லும் இருக்கு. ஃபுல் மாடல்ல லாக் பேக்கப் எடுத்தாத்தான் பழைய லாக் பகுதி விடுபடும், உங்களுக்கு லாக் பேக்கப்பும் ஃபெயில் ஆனதால ஒண்ணுமே விடுபடாம அப்படியே தேங்கி நிக்குது. சிஸ் டேட்டாபேஸஸ் வியூல லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க்ங்கிற நெடுவரிசையைப் பாருங்க, லாக் பேக்கப்னு காட்டும். சிம்பிளுக்கு மாத்தின அந்த நிமிஷம் லாக் பேக்கப் சங்கிலி அறுந்துடும், அப்புறம் யாராலயும் ஒட்ட முடியாது.

முதல் வேலை, ஒரு யூஎஸ்பி டிஸ்க் மாட்டி அதுல ஒரு ஃபோல்டர் போட்டு, என்டி சர்வீஸ்\எம்எஸ்எஸ்க்யூஎல்சர்வர் அக்கவுண்டுக்கு மாடிஃபை பெர்மிஷன் குடுத்து, அங்க லாக் பேக்கப் எடுங்க, வித் கம்ப்ரஷன், வித் செக்சம். ஸ்டாண்டர்ட்ல கம்ப்ரஷன் உண்டு. டேட்டா பேஜ் கெட்டுப்போனாலும் ஃபுல் மாடல்ல லாக் பேக்கப் பொதுவா ஓடிடும், அது லாக்கைத்தான் படிக்குது. எடுத்ததை உடனே இன்னொரு மெஷின்ல காப்பி வைங்க.

ரெண்டாவது, செக்டிபியை நோ இன்ஃபோமெசேஜஸ் போட்டு சும்மா ஓட்டுங்க, ரிப்பேர் இல்லாம. வர்ற மெசேஜ்ல இண்டெக்ஸ் ஐடி என்னன்னு பாருங்க. 2 அல்லது அதுக்கு மேலன்னா நான்-கிளஸ்டர்டு இண்டெக்ஸ், அதாவது டேட்டாவைத் தேட வச்சிருக்கிற தனிப் பட்டியல், டிஸேபிள் பண்ணி ரீபில்டு பண்ணினாலே போதும். 0 இல்ல 1 வந்தா டேட்டாவே அடி வாங்கியிருக்கு, அப்போ ரீஸ்டோர்தான் வழி.

நைட்ஷிப்ட் சொன்ன ரிப்பேர் என்ன பண்ணும்னா, கெட்ட 8 கேபி பேஜை மொத்தமா கழட்டி விட்டுடும், அதுல எந்த பேட்ச் எந்த கடைக்குப் போச்சுங்கிற வரி இருந்துச்சோ அது போச்சு. மருந்து வியாபாரத்துல நாளைக்கு ஒரு பேட்சைத் திரும்ப எடுக்கச் சொன்னா எந்தக் கடைக்கு போன் பண்ணுவீங்க? பேக்கப் ஒண்ணுமே இல்லாதவன் கடைசியா தொட வேண்டியது அது.

ஷேர்கதவு:
எரர் 5 பத்தி மட்டும் சொல்றேன். நாஸ்ல எழுதறது நீங்க இல்ல, எஸ்க்யூஎல் சர்வீஸ். அது டீஃபால்ட் அக்கவுண்ட்ல ஓடுனா நெட்வொர்க்குல அந்த கம்ப்யூட்டரோட பேர்ல போய் கதவைத் தட்டும், டொமைன்\கம்ப்யூட்டர்பேர்$ மாதிரி. அந்தப் பேருக்கு ஷேர் பெர்மிஷன் ஒரு தடவை, ஃபோல்டர் பெர்மிஷன் ஒரு தடவை, ரெண்டு இடத்துலயும் குடுக்கணும். நாஸ் டொமைன்ல சேரலன்னா அதுக்கு அந்த அக்கவுண்டே தெரியாது, அப்போ லோக்கல் டிஸ்க்ல பேக்கப் எடுத்து ரோபோகாப்பியில (விண்டோஸோட காப்பி கமாண்ட்) தள்ளிவிடறது நிம்மதி. சர்வீஸ் அக்கவுண்டை மாத்தறதுன்னா கான்ஃபிகரேஷன் மேனேஜர்ல மாத்துங்க, விண்டோஸ் சர்வீசஸ் ஸ்க்ரீன்ல வேண்டாம். இசட் டிரைவ்னு மேப் பண்ணியிருந்தா அது உங்க லாகினுக்கு மட்டும்தான், ஜாப்ல \\ போட்டு முழு பாத் எழுதுங்க.

மருந்துகிடங்கு:
அண்ணா கை நடுங்கிப் போச்சு, ஷ்ரிங்க் கமாண்டை டைப் பண்ணி வச்சிருந்தேன். லாக் பேக்கப் யூஎஸ்பில முடிஞ்சுது, 14 ஜிபி வந்திருக்கு. செக்டிபில ஒரே ஒரு பேஜ்தான், விற்பனை வரி டேபிள், இண்டெக்ஸ் ஐடி 1. எம்எஸ்டிபில (சர்வரோட சொந்த டேட்டாபேஸ்) கெட்ட பேஜைப் பதியற சஸ்பெக்ட் பேஜஸ் டேபிள்லயும் அதே பேஜ் நம்பர்தான் நிக்குது. ஃபுல் பேக்கப்புக்கு அப்புறம் நாஸுக்கு மாத்தற வரைக்கும் எடுத்த லாக் பேக்கப் 9 இருக்கு, ஒண்ணு கூட விடல.

பழையடிபிஏ:
அப்போ ஒரே பேஜை மட்டும் ரீஸ்டோர் பண்ணலாம், 80 ஜிபியையும் புரட்ட வேண்டாம். ஸ்டாண்டர்ட்ல அது ஆஃப்லைன்தான், கடை மூடினப்புறம் வச்சுக்கோங்க. கடைசியா ஒரு டெயில் லாக் பேக்கப் (இன்னும் பேக்கப் ஆகாத மிச்ச லாக்), வித் நோரெக்கவரி (டேட்டாபேஸை ரீஸ்டோர் நடுவுலயே நிறுத்தி வைக்கும்). அப்புறம் ரீஸ்டோர் டேட்டாபேஸ் பேஜ்னு நம்பர் குடுத்து பழைய ஃபுல்லேருந்து, அது மேல 9 லாக், யூஎஸ்பி லாக், டெயில், வரிசை மாறாம எல்லாம் நோரெக்கவரி, கடைசில ரெக்கவரி. அதுக்கு முன்னாடி வேற மெஷின்ல முழுசா ஒரு தடவை ரீஸ்டோர் பண்ணி செக்டிபி ஓட்டிப் பாத்துடுங்க, 23 நாள் முன்னாடியே அந்த பேஜ் கெட்டிருந்ததான்னு தெரியாம லைவ்ல கை வைக்கக் கூடாது.

முடிஞ்சதும் புதுசா ஃபுல் ஒண்ணு எடுங்க. 823, 824, 825க்கு அலர்ட் போட்டு மெயில் வர வைங்க, 825 எரர்லாக்ல சத்தமில்லாம கிடக்கும், அதுதான் டிஸ்க் போகப்போகுதுன்னு முதல்ல சொல்றது. ரெய்டு கார்டு பேட்டரியையும் பாக்கச் சொல்லுங்க, அது செத்திருந்து கேச் ஆன்ல இருந்தா அடுத்த கரண்ட் கட்டுக்கும் இதே கதை வரும்.

மருந்துகிடங்கு:
வேற மெஷின்ல ரீஸ்டோர் இப்பத்தான் முடிஞ்சுது, செக்டிபி சுத்தமா வந்துச்சு, நேத்து மத்தியானம் போட்ட பில் வரைக்கும் இருக்கு. முதலாளிகிட்ட சொல்லி இன்னைக்கு 9 மணிக்கே பில்லிங் நிறுத்தறோம். லைவ்ல பண்ணிட்டு காலைல வந்து போடறேன்.