டெலிமிட்டர்: பிரிகுறியா, சூழ்குறியா?

நண்பர்களே, மென்பொருள் தமிழாக்கத்தில் 'டெலிமிட்டர்' என்ற சொல்லுக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், உங்கள் கேள்விகளுக்கு என் பதில் இது.

> டெலிமிட்டருக்குப் 'பிரிப்பான்' போதுமே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

போதாது என்றே நினைக்கிறேன். ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது. எக்செலில் சிஎஸ்வி கோப்பை (தரவைக் காற்புள்ளி போன்ற குறியால் பிரித்து எழுதிய கோப்பு) இறக்கும்போது டெலிமிட்டர் என்றால் ஒரு புலத்தை அடுத்த புலத்திலிருந்து பிரிக்கும் காற்புள்ளி, டேப் போன்றவை. எக்செல் போன்ற கட்டற்ற மென்பொருளான லிப்ரெஓஃபிஸ் கால்க்கில் அவற்றுக்குப் பெயர் செபரேட்டர். அங்கே 'ஸ்டிரிங் டெலிமிட்டர்' என்பது உரையின் இருபுறமும் வரும் மேற்கோள்குறி. அதே குறியை எக்செல் 'டெக்ஸ்ட் குவாலிஃபயர்' என்கிறது. கூத்து இதோடு முடியவில்லை. கால்க்கின் அதே சாளரத்தில் 'மெர்ஜ் டெலிமிட்டர்ஸ்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதில் டெலிமிட்டர் மறுபடியும் காற்புள்ளியாகிவிடுகிறது!

எக்செலை விட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு வருபவர் தடுமாறும் இடமும் இதுதான். எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பென்றால் கால்க் எதுவும் கேட்காமல் திறந்துவிடும். சிஎஸ்வி வெறும் உரைக்கோப்பு. நிரல் (நெடுக்கு வரிசை) எங்கே முடிகிறது, எழுத்துக் குறியாக்கம் எது என்ற விவரம் எதுவும் தனியாக அதற்குள் எழுதியிருக்காது. அதனால் நம்மிடம் கேட்கிறது. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் தசமத்துக்கே காற்புள்ளி போடுவதால், அங்கிருந்து வரும் 'காற்புள்ளிக் கோப்பு' பெரும்பாலும் அரைப்புள்ளியால் பிரிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் சரி என்று அழுத்தினால் எல்லாத் தரவும் தாறுமாறாகத்தான் வந்து விழும்.

இந்த வரியைப் பாருங்கள்:

14,"நீளம், அகலம்",மீட்டர்

மேற்கோள்குறியின் வேலையை மென்பொருள் அறிந்திருந்தால் மூன்று நிரல்; இல்லாவிட்டால் நான்கு. ஒன்று பிரிக்கிறது, மற்றது பிரிய விடாமல் காக்கிறது. நேரெதிர் வேலை செய்யும் இரண்டுக்கும் 'பிரிப்பான்' என்று ஒரே பெயர் வைத்தால், தமிழ் இடைமுகத்தில் படிப்பவர் என்னதான் செய்வார்?

என் பரிந்துரை பிரிகுறி, சூழ்குறி. இடுகுறி என்று இலக்கணத்தில் படித்தோமே, அதே வினைத்தொகை அமைப்பு. 'பிரிப்பான்' எனக்கு உவக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு: அழிப்பான், துடைப்பான் என்ற போக்கில் அது ஒரு கருவியை, கோப்பைத் துண்டுபோடும் மென்பொருளை நினைவூட்டுகிறது. இங்கே இருப்பது ஒற்றை எழுத்து.

> சூழ்குறிக்குப் பதில் பொதிகுறி?

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லினக்ஸ் தமிழாக்கத்தில் பொதி என்றால் மென்பொருள் தொகுப்பு என்ற வழக்கு முன்பே உண்டு, கலக்க வேண்டாம்.

> மேற்கோள்குறி என்றே விடலாமே?

2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180-ஐ (சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும் ஆவணம்) மட்டும் வைத்துப் பார்த்தால் விடலாம். அது இரட்டை மேற்கோளைத்தான் சொல்கிறது. கால்க்கில் ஒற்றை மேற்கோளும் இடலாம், வேறு எழுத்தும் தட்டலாம். வடிவத்தைக் குறிக்கும் பெயர் அங்கே பொய்த்துவிடும். பைத்தான் கணினிமொழியின் சிஎஸ்வி கூறிலும் டெலிமிட்டர் தனி, குவோட்சார் (மேற்கோள் எழுத்து) தனி. பயிற்சிக் குறிப்பு எழுதுபவர்களுக்கும் இந்த இணை உதவும்.

ஆக, 'ஸ்டிரிங் டெலிமிட்டர்' சூழ்குறி. 'செபரேட்டட் பை' வெறும் பிரிகுறி. 'மெர்ஜ் டெலிமிட்டர்ஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் 'அடுத்தடுத்த பிரிகுறிகளை ஒன்றாகக் கொள்' என்று எழுதலாம். கீழே நிரல் வகையில் வரும் 'டெக்ஸ்ட்' உரை என்றே இருக்கட்டும். எளிய சொல்லாக இருப்பது நல்லது, ஏனென்றால் 00731 போன்ற எண்ணின் முன்சுழியங்களைக் காப்பாற்ற எல்லோரும் தேட வேண்டிய தேர்வு அதுதான்.

'ஃபிக்ஸட் விட்த்' மட்டும் மிச்சம். அதில் குறியே கிடையாது, எழுத்துகளை எண்ணித்தான் பிரிக்கிறார்கள். 'நிலையகலம்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், முழு மனதில்லை. மாற்றுச் சொல் இருந்தால் தாருங்கள்.