வாடகை வீணாகிறதா? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாண்ட் (வீட்டுக்கடன்) எடுத்து வீடு வாங்குவது குறித்து

கேள்வி: மௌன்ட் எட்ஜ்கம்ப் வாடகைதாரர்

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து டர்பனில் ஏழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மௌன்ட் எட்ஜ்கம்பில் இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அடுக்ககத்தில் மாதம் 8,500 ரான்ட் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறோம். உரிமையாளர் அதை விற்கப்போவதாகக் கூறிவிட்டார். 10 இலட்சம் ரான்ட்டுக்கு நாங்களே வாங்கிக்கொள்ளலாம் என்றும், முன்பணம் இல்லாமலேயே வங்கி முழுத் தொகைக்கும் பாண்ட் தரும் என்றும் ஏஜென்ட் வாரம் இருமுறை தொலைபேசியில் பேசுகிறார். வாங்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்கிறார்.

வாடகை கொடுப்பவன் அடுத்தவனுடைய பாண்டைக் கட்டுகிறான் என்று அலுவலகத்திலும் கோயிலிலும் சந்திப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஊரில் என் தந்தையாரோ, நாற்பது வயதாகியும் சொந்த வீடில்லையே என்று வருந்துகிறார். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. சொந்த வீடு உண்மையிலேயே பாதுகாப்புத்தானா, அல்லது வங்கியும் தரகரும் அரசும் சேர்ந்து நம்மை அப்படி நம்பவைத்திருக்கிறார்களா? இங்கே நெடுநாள் வாழ்ந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: லெனேசியா கணக்காளர்

முதலில் ஏஜென்ட் சொன்னதைத் திருத்திவிடுகிறேன். இந்நாட்டுச் சட்டத்தில், வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் முறிவதில்லை. புதிய உரிமையாளர் உங்கள் ஒப்பந்தக் காலம் முடியும்வரை அதே நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர். நீதிமன்ற ஆணையின்றி எவரையும் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது என்பது 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆகவே அச்சத்தில் கையெழுத்திட வேண்டாம். அந்த ஏஜென்டுக்கு விற்றவர் தரும் கமிஷன்தான் வருமானம். வாங்குபவருடைய நலனைக் காப்பது அவருடைய வேலையன்று.

இனிக் கணக்கு. 2020 ஜூலையில் பிரைம் வட்டி, அதாவது வங்கிகள் கடனுக்கு அடிப்படையாகக் கொள்ளும் வட்டி, 7 சதவீதமாக இருந்தது. அந்த வட்டியில் 10 இலட்சம் ரான்ட்டை 20 ஆண்டுகளுக்கு எடுத்தவர் மாதம் சுமார் 7,750 ரான்ட் கட்டினார். 2023 மே மாதத்தில் அதே வட்டி 11.75 சதவீதத்தைத் தொட்டபோது, புதிதாக அத்தொகையை எடுத்தவருக்குத் தவணை சுமார் 10,840 ரான்ட். அதில் முதல் மாதத்தில் ஏறத்தாழ 9,790 ரான்ட் வட்டிக்கே போயிற்று. கடனிலிருந்து குறைந்தது ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே. அந்த வட்டி மாறாமல் 20 ஆண்டுகள் ஓடியிருந்தால் மொத்தம் 26 இலட்சம் ரான்ட் கட்ட நேரிட்டிருக்கும். இங்கே பெரும்பாலான பாண்டுகள் மாறும் வட்டியில் இருப்பதால், ரிசர்வ் வங்கி எடுக்கும் ஒவ்வொரு முடிவும் உங்கள் சமையலறைவரை வந்து சேரும்.

இதற்கு மேல் அடுக்ககத்தின் லெவி (மாதப் பராமரிப்புக் கட்டணம்), மாநகராட்சியின் ரேட்ஸ் (சொத்துவரி), பத்திரப் பதிவுக்கும் பாண்ட் பதிவுக்கும் தனித்தனி வழக்கறிஞர் கட்டணங்கள் ஆகியன உண்டு. வாடகையை வீண் என்பவர்கள் இவற்றையும் வட்டியையும் ஏனோ அப்பட்டியலில் சேர்ப்பதில்லை.

ஊரில் உள்ளவர்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் வீட்டுக்கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு பெற வழியுண்டு. இங்கே தான் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு எந்தக் கழிவும் இல்லை. ஆனால் வீட்டை வாடகைக்கு விடுபவர் அந்த வட்டியை வாடகை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஒரே அடுக்ககத்தில் ஒரே கடனை எடுத்த இருவரில், ஒற்றை வீட்டுக்காக உழைக்கும் குடும்பத்தைவிட, இரண்டாவது மூன்றாவது வீடு வாங்குபவருக்கே வரிச்சட்டம் இதமாக இருக்கிறது. எனக்கு இது பெரிய அநீதியாகப் படுகிறது.

மறுமொழி: சாட்ஸ்வர்த் ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, கணக்காளர் ஐயா சொன்னது சரிதான். ஆனாலும் இந்நாட்டுத் தமிழர்களுக்கு வீட்டுப் பத்திரம் என்றால் என்ன என்பதை அந்த எண்கள் முழுதாகச் சொல்லிவிடவில்லை.

என் பாட்டனார் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். நிலமும் பத்திரமும் அவர் பெயரிலேயே இருந்தன. எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டு குரூப் ஏரியாஸ் சட்டத்தின்கீழ் 1958இல் அப்பகுதி வெள்ளையருக்கென்று அறிவிக்கப்பட்டது. தோட்டமும், தாமே எழுப்பிய தகர வீடும், வாசலில் இருந்த மாரியம்மன் பீடமும் போயின. 1960களில் இந்தியர்களுக்கென்று சாட்ஸ்வர்த் குடியிருப்பு கட்டப்பட்டபோது, சுவர் ஒட்டிய ஒரு வீட்டில் நகரசபையின் வாடகைதாரராகக் குடியேற்றப்பட்டோம். தெருவுக்குப் பெயர்கூட இல்லாமல் எண்தான் இருந்தது. மெகசின் பாராக்ஸில் இருந்த நகரசபைத் தொழிலாளர் குடும்பங்களும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். 1976இல் உம்கேனி ஆற்று வெள்ளத்தில் டின் டவுன் என்ற தகரக் குடிசைப் பகுதி மூழ்கியபோது, அங்கிருந்தவர்களுக்கு இன்னோர் இந்தியர் குடியிருப்பான பீனிக்ஸ் காட்டப்பட்டது.

அதனால்தான் பிற்காலத்தில் நகரசபை வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே விற்றபோது, என் தாயார் தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். பத்திரம் கைக்கு வந்த நாளில் அதைச் சாமி படத்துக்கு முன் வைத்து விளக்கேற்றினார். அவரிடம் போய், வாடகையே இலாபம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

இருந்தாலும் பல ஆண்டுகளாக என்னை உறுத்துவது ஒன்றுண்டு. பாட்டனாரிடம் பத்திரம் இருந்தும் அது அவரைக் காக்கவில்லை. 2000ஆம் ஆண்டளவில் எங்கள் சாட்ஸ்வர்த்தின் வெஸ்ட்கிளிஃப் பகுதி நகரசபை அடுக்ககங்களில் வாடகை பாக்கிக்காகக் குடும்பங்களை வெளியேற்ற வந்தார்கள். அந்தக் குடும்பங்களிடம் பத்திரம் ஏதும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் மாடிப்படிகளில் உட்கார்ந்து வழிமறித்தார்கள். பலர் வீட்டை இழக்காமல் தப்பினார்கள். நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு அரசு, வீட்டுரிமை என்றால் வீட்டுக்கு உரிமையாளர் ஆவது என்றே பெரும்பாலும் பொருள் கொண்டது. மாதம் 3,500 ரான்ட்டுக்குக் கீழ் வருமானம் உள்ளவருக்கு இலவச வீடு. அதற்கு மேல் உள்ளவருக்கு வங்கிக் கடன் கிடைப்பதற்கான மானியம். அந்த 3,500 என்ற வரம்பு விலைவாசி எவ்வளவு ஏறியும் நெடுங்காலம் உயரவில்லை. இரண்டுக்கும் இடையே சிக்கிய கடைப் பணியாளர்களும் செவிலியர்களும் நல்ல வாடகை வீட்டுக்கு எங்கே போவார்கள்? நகரசபை வாடகை வீடுகள் விற்றுத் தீர்ந்த அளவுக்குப் புதியவை கட்டப்படவில்லை.

நீங்கள் குடியிருக்கும் மௌன்ட் எட்ஜ்கம்ப் ஒருகாலத்தில் முழுதும் கரும்புத் தோட்டம். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்கள் வெட்டிய கரும்பு. இன்று அங்கே காவல் போட்ட வாயில்களுக்குள் கால்ப் மைதானத்தோடு வீடுகள் இருக்கின்றன. கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்ணில் ஓர் அடுக்ககத்துக்காக 20 ஆண்டு பாண்ட் எடுக்கிறார்கள். நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

மௌன்ட் எட்ஜ்கம்ப் வாடகைதாரர்

அம்மா, நீங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். ஐயா, தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் கூறுவீர்களா? என் மனைவிக்கு அதுதான் பெரிய அச்சம்.

மறுமொழி: லெனேசியா கணக்காளர்

முன்பெல்லாம் நிலைமை மிகவும் கொடுமையாக இருந்தது. குறைந்தபட்ச விலை வைக்காமல் ஏலம் விட்டதால், இலட்சங்கள் பெறுமான வீடுகள் அற்பத் தொகைக்குப் போயின. வீட்டை இழந்தவர் மிச்சக் கடனையும் சுமந்தார். 2005இல் அரசியலமைப்பு நீதிமன்றம், சிறு கடனுக்காக ஒருவருடைய வீட்டை நீதிபதியின் மேற்பார்வை இல்லாமல் விற்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017 டிசம்பர் முதல் உயர் நீதிமன்ற விதி 46ஏ நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, அது குடியிருக்கும் வீடுதானா, வேறு வழி உண்டா என்பதை நீதிமன்றம் ஆராய வேண்டும். குறைந்தபட்ச விலையும் நிர்ணயிக்கலாம். தவணை தவறினால் வங்கி முதலில் சட்டப்படி ஓர் அறிவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். அக்கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிடுவதுதான் பலர் செய்யும் பெரும் பிழை. உடனே வங்கியுடனோ கடன் ஆலோசகருடனோ பேசித் தவணையை மாற்றியமைக்க வழியுண்டு.

வாங்குவதென்றே முடிவெடுத்தால், ஓராண்டு பொறுத்துப் பத்து சதவீதமாவது முன்பணம் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுக்ககச் சங்கத்தின் கணக்கறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதன் கையிருப்பு நிதி வறண்டிருந்தால், கூரை ஒழுகும் நாளில் சிறப்பு லெவி உங்கள்மேல்தான் விழும். விற்பவர் வீட்டின் குறைகளை எழுத்தில் அறிவிக்கும் படிவம் 2022 பிப்ரவரி முதல் கட்டாயம். அது இல்லாமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

மௌன்ட் எட்ஜ்கம்ப் வாடகைதாரர்

இருவருக்கும் நன்றி. எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் பதினான்கு மாதங்கள் மீதமிருக்கின்றன என்பதை இன்று எடுத்துப் பார்த்தேன். அதை ஏஜென்டுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, சங்கத்தின் கணக்கறிக்கையையும் கேட்டிருக்கிறேன்.