2015 டபிள்யூஆர்எக்ஸ் இன்ஜின் டியூனிங்: ஆக்சஸ்போர்ட்டா, இக்யூடெக்கா?

என்னிடம் இருப்பது 2015 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், 2.0 லிட்டர் டர்போ, ஆறு கியர் மேனுவல். ஓட்டுவது டென்வரில்; ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம், கிடைக்கும் பிரீமியம் பெட்ரோலும் 91 ஆக்டேன்தான்.

மார்ச் மாதம், பூஸ்ட் சென்சாரின் சிக்னலை மாற்றிக் காட்டி டர்போ அழுத்தத்தைக் கூட்டும் மலிவான பெட்டி ஒன்றைப் பொருத்தியதிலிருந்து, மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தால் 4,000 ஆர்பிஎம் அருகே வண்டி திணறி, தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைக் குலுக்கியது போல நாக்கிங் சத்தம் (இன்ஜினுக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவதால் வருவது) எழுந்தது. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினேன், இன்டேக் குழாய்களில் கசிவு உண்டா என்று பார்த்தேன், பயனில்லை. பெட்டியைக் கழற்றியதும் சத்தம் நின்றது (மலிவுக்கு ஆசைப்பட்டது என் தவறுதான்).

ஆகவே இன்ஜினை இயக்கும் கணினியான இசியூவின் மென்பொருளையே மாற்றி எழுதும் வழி ஒன்றை வாங்க எண்ணுகிறேன்; ஆக்சஸ்போர்ட், இக்யூடெக் இரண்டும் அத்தகையவை. ஆக்சஸ்போர்ட்டை ஓபிடி போர்ட்டில் (வண்டியின் பழுதறியும் இணைப்பு) செருகி நானே மேப் (இன்ஜின் அமைப்புகள் அடங்கிய கோப்பு) ஏற்றலாம், நாக்கிங் அளவையும் ஓடும்போதே திரையில் பார்க்கலாம். இக்யூடெக் என்றால் அந்த மேப்பை எழுதித் தரும் டியூனரைச் சார்ந்திருக்க வேண்டும்.

இந்த உயரத்தில், 91 ஆக்டேனில், அன்றாட ஓட்டத்துக்கு இரண்டில் எதை வாங்கலாம்?