பிஜிக்களுக்குத் தரமேம்பாட்டுப் பயிற்சி: பலன் இருந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது?

காரைக்குடி டாக்டரம்மா:
வணக்கம். நான் பச்சிளம் குழந்தை மருத்துவர். வேலை பார்க்கும் இடத்தின் பெயர் வேண்டாம். எங்கள் பிஜிக்கள், அதாவது மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள், எட்டுப் பேருக்குத் தரமேம்பாட்டுப் பயிற்சி கொடுத்தோம்: வார்டில் ஒரு குறையை எடுத்து, காரணம் தேடி, மாற்றி, அளந்து பார்ப்பது. அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை, லேபர் வார்டிலிருந்து வரும் குழந்தை சில்லிட்டு வரக் கூடாது என்பது. உடல் சூடு 36.5 டிகிரிக்குக் கீழே போனாலே ஹைப்போதெர்மியாதான், அதாவது குளிர்ந்துபோன நிலை.

தேடிப் பார்த்தால், பிரசவ மேஜைக்கு நேர் மேலே ஃபேன். துடைத்த ஈரத்துணியிலேயே குழந்தையைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஃபேனை நிறுத்தினார்கள், குழந்தைக்குச் சூடு தரும் வார்மரை முன்னாடியே போட்டார்கள், துடைக்க ஒரு துணி, சுற்ற ஒரு துணி என்று வைத்தார்கள்.

பயிற்சி முடிந்து வைத்த தேர்வில் எல்லோருக்கும் நல்ல மார்க். அதையே அறிக்கையாக எழுதச் சொல்கிறார் துறைத்தலைவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. போன வாரம் ராத்திரி டியூட்டியில் ஒரு குழந்தையின் பாதத்தைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஃபேன் ஓடுகிறது.

தேவகோட்டைத் தம்பி:
அக்கா, ஒரு பயிற்சி பலித்ததா என்று பார்க்க கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-ல் சொன்ன நாலு படி இருக்கிறதே: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, விளைவு மாறியதா. உங்கள் தேர்வு இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. அதிலும் மனப்பாடக் கேள்வி என்றால் பிரயோஜனமில்லை. ஒரு சம்பவத்தைக் கொடுத்து நோக்கம், அளவுகோல், மாற்றம் மூன்றையும் எழுதச் சொல்ல வேண்டும்.

வாரவாரம் 36.5-க்குக் கீழே வந்த குழந்தைகள் எத்தனை சதவீதம் என்று ரன் சார்ட் போடுங்கள், அதாவது வாரத்துக்கு ஒரு புள்ளி வைத்து வரைபடம். மீடியன் (நடு மதிப்பு) கோட்டுக்கு ஒரே பக்கமாக ஆறு புள்ளி தொடர்ந்து விழுந்தால் அது தற்செயல் இல்லை. முன், பின் என்று இரண்டே சராசரி போட்டால், ஃபேன் திரும்ப ஓடிய கதை அதற்குள் மறைந்துவிடும்.

லேபர் வார்டு சிஸ்டர்:
மேடம், நான் வேறு ஊர்தான். ஆனால் எங்கள் வார்டிலும் இதே கதை. சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் தாய்க்கு மூச்சு முட்டுகிறது, நாங்களே போட்டுவிடுவோம். நிறுத்தச் சொன்ன பிஜிக்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போஸ்டிங் முடிந்து அவர்கள் போன பிறகு யார் நிறுத்துவார்கள்? ஃபேனைத் தள்ளி மாட்டினாலே போதும். அறை 25 டிகிரிக்கு மேல் இருந்தாலும், ஈரக் குழந்தை மேல் நேர்க்காற்று படக் கூடாது, அவ்வளவுதான்.

காரைக்குடி டாக்டரம்மா:
சிஸ்டர், நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. எங்கள் குழுவில் ஒரு சிஸ்டர்கூட இல்லை. எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவர். ஐந்தொகை (வரவு, கடன் எல்லாம் சேர்த்த முழுக் கணக்கு) போடாமல் லாபம் என்ற வார்த்தையே அவர் வாயில் வராது என்பார்கள். நான் மார்க்கை வைத்து லாபக் கணக்கு எழுத இருந்தேன்.

தம்பி, பகலுக்கும் ராத்திரிக்கும் தனித்தனி சார்ட் போடப்போகிறேன். சூடு 37.5-ஐத் தாண்டிய குழந்தைகளையும் எண்ண வேண்டும், வார்மர் இருக்கிறதே. இந்த பேட்ச் பிஜிக்கள் போன பிறகும் ஆறு மாதம் புள்ளி வைப்பேன். ஃபேனைத் தள்ளி மாட்ட நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார். எந்த இடம் என்று ராத்திரி டியூட்டி சிஸ்டர்தான் காட்டுவார்.