வள்ளி திருமணம் பாட்டெல்லாம் எழுதியது யார்?

கண்டனூர்ப் பெண்:
போன வாரம் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம். கோரைப்பாயில் உட்கார்ந்த என் மகன் கடைசி வரை தூங்கவே இல்லை. நாரதரும் வள்ளியும் பாட்டும் பேச்சுமாகத் தர்க்கம் செய்யும்போது பக்கத்தில் இருந்த ஆச்சி, நடிகர் வாய் திறக்கும் முன்பே அடுத்த அடியை முணுமுணுத்தார். "இதெல்லாம் யாரும்மா எழுதினது?" என்று மகன் கேட்டான். சங்கரதாஸ் சுவாமிகள் என்ற பெயருக்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காரைக்குடி வாசகர்:
1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். பவளக்கொடி, சதி சுலோசனா, கோவலன் எல்லாம் அவர் எழுதியவைதான். 1918-இல் மதுரையில் சிறுவர்களுக்காக ஒரு நாடக சபை தொடங்கினார். பின்னாளில் பெயர் பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். அந்தப் பிள்ளைகளுக்காக அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே.சண்முகம் எழுதியிருக்கிறார்.

ஆர்மோனியக்காரன்:
தங்கச்சி, நான் இருபது வருடமாக ஸ்பெஷல் நாடகத்துக்கு வாசிக்கிறேன். ஒரே குழுவாக இல்லாமல், ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி வரவழைத்து நடத்தும் நாடகம் அது. கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், கதாநாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து வருவார். ஒருவரை ஒருவர் அன்று ராத்திரிதான் பார்ப்போம். ஒத்திகை கிடையாது. "எத்தனை கட்டை?" என்று பாடும் சுருதியைக் கேட்பேன், அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் விடியும் வரை நாடகம் ஓடும். எல்லோரும் படித்தது சுவாமிகளின் பாடம், அதனால்தான் இது நடக்கிறது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொள்வார்.

இன்னொன்று. சுவாமிகள் புதுக்கோட்டை கஞ்சிரா வித்வான் மான்பூண்டியா பிள்ளையிடம் லயம், அதாவது தாளக் கணக்கு, கற்றவர். பாட்டில் சொல்லே தாளத்தைக் காட்டிவிடும். மிருதங்கத்துக்குப் புது ஆள் வந்தாலும் கை தடுமாறாது. இதை மேடையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இப்போது சில ஊர்களில் தர்க்கத்தைச் சுருக்கிவிட்டு சினிமாப் பாட்டு கேட்கிறார்கள். வயிறு எரிகிறது. அந்தத் தர்க்கத்தில்தான் நடிகரின் படிப்பு தெரியும்.

கண்டனூர்ப் பெண்:
ரொம்ப நன்றி அண்ணே. அடுத்த வருடம் நாடகம் பேசும்போது தர்க்கத்தில் கை வைக்கக் கூடாது என்று அப்பச்சியிடம் சொல்லிவிட்டேன். நேற்று மகன் அந்த ஆச்சியின் வீட்டுக்குப் போய், அவர் முற்றத்தில் உட்கார்ந்து பாடியதைச் செல்லில் பிடித்து வந்தான். அனுப்புகிறேன். எத்தனை கட்டை என்று கேட்டுச் சொல்லுங்கள்.