மறு: ‘லைன் ஓனர்ஷிப் ஆஃப் டிரெய்னிங்’ – ‘பயிற்சி உரிமை’ பொருந்துமா?

> அணுமின் கையேட்டுக்கு: லைன் ஓனர்ஷிப் ஆஃப் டிரெய்னிங் = பயிற்சி உரிமை. முடித்துவிடலாமா அண்ணே?

வணக்கம் தம்பி. முடிக்க வேண்டாம். நம் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ‘பயிற்சி உரிமை’ என்றால் சங்கம் பேசி வாங்கித் தரவேண்டிய சலுகை என்றுதான் காதில் விழும். இங்கே பொருள் தலைகீழ். இது வேலை வாங்குகிறவரின் கடன். பாடம் நடத்துவது பயிற்சிப் பிரிவு. ஆனால் எதைக் கற்பிப்பது, யார் தேறினார், யாரைப் பணியில் விடலாம் என்பதற்கெல்லாம் இயக்கப் பிரிவு, பராமரிப்புப் பிரிவுத் தலைவர்களே பதில் சொல்ல வேண்டும்.

‘லைன்’ இன்னொரு தொல்லை. கணினி மொழிபெயர்ப்பு ‘வரி மேலாளர்’ என்று வருமான வரி அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். நமக்கோ லைன் என்றால் லயம், தோட்டத்து வரிசை வீடுகள். என் பரிந்துரை ‘நிரைப்பொறுப்பு’. பால்மரக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) ஆளுக்கொரு நெரை, அதாவது பால்வெட்ட ஒதுக்கிய மரவரிசை. அதில் பட்டை காயம்பட்டால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமே இல்லை.

---

> என் பரிந்துரை ‘நிரைப்பொறுப்பு’

அண்ணே, நெரை எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் பள்ளிக் கணக்கில் நிரை என்பது அணியின் கிடைவரிசை. அதோடு, நெரைக்காரர் தன் மரத்தை மட்டும் பார்ப்பவர். நமக்கு வேண்டியது மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) நிலையிலுள்ளவரின் பொறுப்பு. சொல்லை ஒரு நிகழ்வில் வைத்துப் பார்ப்போம்.

1977 செப்டம்பரில் அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. அழுத்தம் காக்கும் கலனில் நீர்மட்டம் ஏறியதைப் பார்த்து, உலைக்குள் நீர் அதிகம் என்று எண்ணி, அவசரக் குளிர்நீரை நிறுத்தினார்கள். உலை குறைந்த திறனில் ஓடியது. சுமார் 20 நிமிடத்தில் அதே குழாயிலுள்ள அடைப்பு வால்வை மூடியதால் தப்பியது. உலையைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் எச்சரித்துக் குறிப்பு எழுதினார். அது மற்ற நிலையங்களின் பயிற்சிக்குப் போய்ச் சேரவில்லை.

1979 மார்ச் 28, திரீ மைல் ஐலண்ட். அதே தயாரிப்பாளரின் உலை, அதே கோளாறு. பலகையில் விளக்கு அணைந்தது. ‘மூடு’ என்ற கட்டளை போனதைத்தான் அது காட்டியது, வால்வு மூடியதை அல்ல. கலன் நீரால் நிரம்பிவிடக் கூடாது என்றே பழக்கப்பட்டிருந்த ஆபரேட்டர்கள் குளிர்நீரைக் குறைத்தார்கள். சுமார் 2 மணி 20 நிமிடம் கழித்துத்தான் அடைப்பு வால்வை மூடினார்கள். உலைக்கருவில் பாதியளவு உருகிவிட்டது.

அவர்கள் வகுப்புக்குப் போகாதவர்கள் அல்ல. சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார்கள். நிலையத்தில் கிடைத்த பாடத்தைப் பயிற்சிக்குள் இழுத்துவரும் ஆள் இல்லை. நம் சொல் குறிக்க வேண்டியது அந்த ஆளின் கடமையை. அதனால் ‘களப்பொறுப்பு’ என்கிறேன். பெரட்டுக் களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) வேலை பிரிப்பவரே ஆள் தேர்ச்சிக்கும் பொறுப்பு.

---

> அதனால் ‘களப்பொறுப்பு’ என்கிறேன்

ஒரு முட்டல். கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே பம்ப், வால்வு பார்ப்பவரை ஏற்கனவே ‘கள ஆபரேட்டர்’ என்று எழுதியிருக்கிறோம். அதைச் ‘சுற்று ஆபரேட்டர்’ ஆக்கிவிட்டால் களம் நமக்குக் கிடைக்கும். ‘துறைப்பொறுப்பு’ வேண்டாம், பயிற்சியும் ஒரு துறைதானே. தனிச்சொல்லாக நின்றால் தேர்தல் பணி போல ஒலிக்கும், ஆகவே முழுத்தொடர்: ‘பயிற்சியின் களப்பொறுப்பு’.

கையேட்டுக்கு விளக்கம் இப்படி: பாடத்திட்டக் குழுவுக்குத் தலைமை ஏற்பவர் பயிற்சி அதிகாரி அல்ல, பணிப்பிரிவின் தலைவர். ஒவ்வொரு பணியும் எவ்வளவு கடினம், எவ்வளவு முக்கியம், எத்தனை முறை வருகிறது என்று அவர் ஆட்களே மதிப்பிடுவார்கள். தினமும் செய்யும் எளிய வேலைக்கு வகுப்பு தேவையில்லை. அரிதாக வரும், ஆனால் தவறினால் ஆபத்தான வேலைக்குத் தொடர்பயிற்சி. சிமுலேட்டர் தேர்வில் தலைவர் நேரில் நிற்பார். தவறியவரை, ஷிஃப்டில் ஆள் குறைந்தாலும், இறக்கிவைப்பார்.

கெடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில்தான். எரிபொருள் மாற்றத்துக்காக உலையை நிறுத்தும் வாரங்களில் வகுப்பிலிருந்து ஆளை உருவிவிடுவார்கள். வருகைப் பதிவேடு மட்டும் நிறைந்திருக்கும். அதற்கும் ஒரு சொல் தேவை. ‘ஒப்புக்குப் பயிற்சி’ போதுமா?

நம் நாட்டில் இருப்பது பாங்கியில் 1982-இல் இயங்கத் தொடங்கிய 1 மெகாவாட் ஆய்வு உலைதான். ஆனாலும் செம்பனை ஆலை பாய்லர் பயிற்சிக் குறிப்பிலும் இந்தத் தொடரை அப்படியே எழுதலாம். ‘சுற்று ஆபரேட்டர்’ பற்றி மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். அதன்பின் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.